பதின்மூன்றரை அட்மின்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார். படிகள் ஐந்நூற்றுச் சொச்சம் இருப்பதால், முழங்காலைக் கருதி, அடிவாரத்தில் நின்றே செய்யலாம் என்று அனுமதி கிடைத்தால் இன்றைக்கே செய்துவிடலாம். கூட்டிச் சொன்னது எதுவுமில்லை. கேட்பவர் தாங்கமாட்டார் என்று சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

ஜோர்ஜ் டவுனில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அதன் கணினிப் பிரிவில் சிவநேசன் என்று ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, சுங்கை பினாங் அடுக்குமாடியில் பதினோராவது மாடி வீடு. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கணினிகளில் யாருக்கு அட்மின் உரிமை இருக்கலாம், யாருக்கு இருக்கக்கூடாது என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. அட்மின் உரிமை பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வது மாதிரி. அது இருப்பவர் அந்தக் கணினியில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், யாரை வேண்டுமானாலும் உள்ளே விடலாம், வெளியே தள்ளலாம்.

பத்தொன்பது வருடம் இந்த வேலை சுலபமாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். கேட்காதவர்களுக்கும், பின்னால் கேட்பார்களே, ஒரு நடை மிச்சம் என்று முன்கூட்டியே கொடுத்தார். அப்படியிருக்கையில்தான் கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: இனி எவருக்கும் அட்மின் உரிமை கிடையாது.

கணினிப் பிரிவின் இயக்குநர் இப்ராஹிம், சிவநேசனைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். சிவநேசன் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். நல்ல செய்தியை இப்ராஹிம் நிற்கவைத்துத்தான் சொல்வார்.

"சிவா, அடுத்த வாரம் முடிஞ்சு வர்ற திங்கக்கெழம, காலைல ஒம்பது மணிக்கு கே.எல்.லேருந்து ஆடிட்டர் வர்றாங்க. நானூத்திப் பன்னெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணுலகூட அட்மின் இருக்கக்கூடாது."

"இருந்துச்சுன்னா, பொஸ்?"

இப்ராஹிம் இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இருந்துச்சுன்னா இது. கையெழுத்துப் போட்டாச்சு. தேதி மட்டும்தான் பாக்கி."

மாற்றல் கடிதம். தாசேக் கெலுகோர் கிளை, கிடங்குப் பொறுப்பாளர்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பயங்கரம் விளங்காது. தாசேக் கெலுகோர், தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், வடக்கே, ரப்பர் மரமும் செம்பனையும் இருக்கிற இடம். சிவநேசனோ தீவுக்காரர். அக்கரைக்குக் கல்யாணத்துக்குப் போனாலே ரொட்டிப் பொட்டலம், சுடுதண்ணீர்க் குடுவை, கம்பளிச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறவர். ஒரு தடவை பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போனார் என்று ஊரில் சொல்வார்கள். அது கட்டுக்கதை. பாஸ்போர்ட்டின் நகலை மட்டும்தான் எடுத்துப் போனார்.

வீட்டில் மனைவி பிரமிளாவிடம் சொன்னார்.

"மாத்துனா போங்களேன். பாலம் என்ன கடிக்குமா?"

"தெனமும் போய்த் தெனமும் வரணும் பிரமிளா."

"நானுந்தான் பத்து வருஷமா பாயான் லெப்பாஸ் பேக்டரிக்குப் போயிட்டு வரேன்."

"அது இந்தக் கரை லா."

பிரமிளா எழுந்து போய் அலமாரியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டார்.

மறுநாளிலிருந்து சிவநேசன் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். பௌதிகத் துறையில் ஒரு விரிவுரையாளர் கணினியில், வருடக்கணக்காகக் கண்டதையெல்லாம் ஏற்றியதில் திரை முழுக்கப் பட்டையும் பொத்தானுமாக அடைந்து, எழுதுவதற்கு இரண்டு விரல் அகல இடம்தான் மிஞ்சியிருந்தது. அந்த இரண்டு விரல் இடத்தில் அவர் நானூறு பக்க ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். நூலகத்தில் குணவதி என்ற அம்மாளின் கணினியில், அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் மயில் ஒன்று நடமாடியது. நாள்பட அது வளர்ந்து, கடைசியில் எதைச் சொடுக்குகிறோம் என்று தெரியாமல் தோகையை ஒதுக்கிவிட்டுத்தான் புத்தகம் பதிய வேண்டியிருந்தது. கணக்கியல் துறையில் ஒரு கணினி, அட்மின் உரிமையை எடுத்த மறுகணம், பெருமூச்சு ஒன்று விட்டு விசிறியை நிறுத்தியது. ஒன்பது வருடமாக இரைந்த சத்தம் நின்றுபோனதில் மின்சாரம் போய்விட்டதென்று நினைத்து மூன்று மாடி ஆட்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இப்படியாக ஆறு வேலைநாளில் நானூற்றுப் பதினொன்று முடிந்தது. மிச்சம் ஒன்று. வணிக வரலாற்றுப் பேராசிரியர் பெரியகருப்பன் அறையில் இருந்தது.

பெரியகருப்பன் செட்டிநாட்டுக் குடும்பம். மூன்று தலைமுறையாகப் பினாங்கு. அறுபது வயதுக்கு மேல் ஆனவர், இரைந்து பேசமாட்டார், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். வந்த விஷயத்தைச் சிவநேசன் சொன்னதும், "எடுத்துக்கங்க சிவநேசன், எனக்கென்ன," என்று நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

சிவநேசன் பட்டியலைத் திறந்தார். மற்றவர்கள் கணினியில் அட்மின் ஒருவர் இருப்பார், மிஞ்சினால் இருவர். இங்கே வரிசையாகப் பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின.

"புரொப், இது யாரு ராம்நாத்?"

"என் சித்தப்பா மகன். ஈப்போவுல இருக்காரு."

"ஜெயந்தி?"

"அவ சிங்கப்பூர்ல. எங்க தம்பி பொஞ்சாதி. தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால அவ பேருல."

"இவங்கள்லாம் எதுக்கு யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர்ல?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு வருடம் முன்பு கணினி வந்திறங்கிய அன்று அறையில் சின்னதாக ஒரு பூஜை போட்டதாகவும், பங்காளிகள் எல்லாரும் வந்ததாகவும் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். அவரவர்க்கு ஓர் அக்கவுண்ட் கேட்டார்கள். ஒருவருக்கு அட்மின், ஒருவருக்குச் சாதா என்று கொடுத்தால் குடும்பம் உருப்படுமா? ஊரிலிருக்கிற பெரிய வீட்டில் என்ன முறையோ அதே முறையைக் கணினியிலும் வைத்துவிட்டார். கல்யாணமானவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, அவரவர் பூட்டு, அவரவர் சாவி. முகப்பும், நடுமுற்றமான வளவும் பொது. இங்கே ஆளுக்கோர் அக்கவுண்ட், ஆளுக்கோர் பாஸ்வேர்டு. திரையில் தெரிகிற படம் பொது. அதில் யாரோ ஒரு பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, அறுபதாங் கல்யாண மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஏழு வருடமாக அதை மாற்ற ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

"மொத்தம் எத்தன பேரு புரொப்?"

"பதிமூணரை."

சிவநேசன் அந்த அரையைப் பற்றி அப்போது கேட்கவில்லை. முதலில் ராம்நாத்தை நீக்கினார். லிப்ட் வரைக்கும் கூடப் போகவில்லை, பேராசிரியர் கூப்பிட்டார். ராம்நாத் திரும்ப வந்திருந்தார். ஈப்போவிலிருந்தவர் அடுத்த நிமிஷமே ஜெயந்தியிடம் முறையிட, சிங்கப்பூரில் இருந்தபடியே அவர் உள்ளே நுழைந்து பழையபடி சேர்த்துவிட்டார். எல்லாரும் அட்மின் அல்லவா. சரி என்று ஜெயந்தியை நீக்கினார். ராம்நாத் அவரைச் சேர்த்தார். இருவரையும் ஒரே மூச்சில் நீக்கினார். காரைக்குடியில் இருந்த ஒருவர், கையில் விசிறியோடு சாய்வு நாற்காலியில் இருந்தவர், எழுந்திருக்காமலே இருவரையும் சேர்த்தார். நான்காவது முறை நீக்கப் பார்த்தபோது சிவநேசனாலேயே உள்ளே போக முடியவில்லை.

பேராசிரியரின் கைப்பேசி அடித்தது. ஜெயந்தி.

"அண்ணன், பட்டியல்ல வெளியாள் ஒருத்தர் பேரு இருந்துச்சு. அதான் எடுத்துவிட்டுட்டோம்."

"சரித்தான்," என்றார் பேராசிரியர். பிறகு சிவநேசனைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க. பொது வீட்டுல ஆணி அடிக்கணும்னாலும் எல்லாரும் ஒத்துக்கணும்," என்றார்.

"அப்ப மெஷினையே தூக்கிட்டுப் போறேன் புரொப்."

"தாராளமா. அதுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்குமே. நான் கையெழுத்துப் போடணுமே."

"போடுங்க."

"நான் மட்டும் எப்புடிப் போடுறது?"

அன்று புதன்கிழமை. சிவநேசன் கீழே சிற்றுண்டிச்சாலையில் பால் விடாத கோப்பி ஓ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஒரு மணி நேரம் யோசித்தார். பிறகு மேலே வந்து ஒரு விடுதலைப் பத்திரம் தயாரித்தார். 'இன்னார் மகன் இன்னார் ஆகிய நான், நல்ல நினைவோடும், பிறர் தூண்டுதல் இன்றியும், மேற்படி கணினியில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் உள்ள அட்மின் உரிமையை முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன்.' வாரிசுகள் என்பதைப் பேராசிரியர் சேர்க்கச் சொன்னார்.

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதின்மூன்று கையெழுத்தும் வந்துவிட்டன. சிவநேசனாலேயே நம்ப முடியவில்லை. பங்கு போகிறதே என்று ஒவ்வொருவருக்கும் வருத்தம்தான். ஆனால் மற்ற பன்னிரண்டு பேர் பங்கும் சேர்ந்து போகிறது என்பதில் அதைவிடப் பெரிய ஆறுதல் இருந்தது.

இனி அந்த அரை.

அவர் பெயர் காமாட்சி ஆச்சி. பேராசிரியரின் காலஞ்சென்ற பெரியண்ணன் மனைவி. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால் வீடு. வெள்ளிக்கிழமை காலை சிவநேசன் பஸ் பிடித்துப் போனார். ஆச்சி பத்திரத்தை இரண்டு தரம் படித்தார், ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தாளில் 'காமா' என்று இருந்தது.

"ஆச்சி, மீதி?"

"அவ்வளவுதான்."

"பேரு காமாட்சிதானே?"

"ஆமா. ஆனா கோயில் பட்டியல்ல எங்க வீட்டுல புருஷன் பொஞ்சாதி சேந்து ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு. அவுக போனதும் என்னைய அரைப் புள்ளின்னு எழுதுறாங்க. பெரியகருப்பனும் அதே மாதிரிதான் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கான். அரை ஆளு முழுக் கையெழுத்துப் போட்டா மோசடி ஆயிடாது? நாளைக்கு உங்களத்தான் கேப்பாங்க."

"அந்த அக்கவுண்ட்ட நீங்க எதுக்குப் பயன்படுத்துறீங்க ஆச்சி?"

"ஒருநாளும் தொறந்ததில்ல."

"அப்புறம் என்ன ஆச்சி, முழுசாப் போட்டு விட்டுருங்களேன்."

"முழுசா இருந்துட்டு விடுறது வேற. இருக்கவே விடாம, விடுன்னு கேக்குறது வேற. அவன என்னைய ஒண்ணுன்னு எழுதித் தரச் சொல்லுங்க. அடுத்த நிமிஷம் போடுறேன். தோசை சாப்புடுறீங்களா?"

தோசை சாப்பிட்டுவிட்டு சிவநேசன் பஸ் ஏறிப் பேராசிரியரிடம் வந்தார்.

"ஒரே ஒரு அரை புரொப். அத முழுசாக்குனா முடிஞ்சிடும்."

"எங்க வழக்கத்த நான் ஒருத்தன் மாத்துறதா?"

"யாரக் கேக்கணும்னு சொல்லுங்க, நான் போய்க் கேக்குறேன்."

"அவங்கள்லாம் செத்துப் போயிட்டாங்க," என்றார் பேராசிரியர், மிக மெதுவாக.

அன்றைக்கு நான்கு முறை ஆயர் ஈத்தாமுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய் வந்தார் சிவநேசன். நான்கு முறையும் தோசை. நான்காவது தடவை பஸ் ஓட்டுநர் அப்துல் ரசாக் கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, ஆயர் ஈத்தாம்ல பொண்ணு கிண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"எனக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் தம்பி."

"அதான் அண்ணே, யோசிச்சு செய்யுங்க."

சனி, ஞாயிறு கழிந்தன. ஞாயிறு மாலை சிவநேசன் ஆச்சிக்குத் தொலைபேசியில் சொன்னார்: "நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆடிட்டர் வர்றாங்க ஆச்சி. அதோட நான் அக்கரை. தோசைக்கு நன்றி."

திங்கள் காலை சரியாக ஒன்பது மணிக்கு ஆடிட்டர் வந்தார். ஷஹீதா என்று பெயர், முப்பது வயதுப் பெண். கோலாலம்பூரிலிருந்து வந்தாலும் பிறந்தது பினாங்கு, தமிழ் முஸ்லிம் குடும்பம். நானூற்றுப் பன்னிரண்டு கணினியையும் முக்கால் மணி நேரத்தில் சோதிக்கிற ஒரு கருவி கையில் இருந்தது. நானூற்றுப் பதினொன்றும் பச்சை. சிவப்பு எரிந்தது ஒன்றே ஒன்று. மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார்கள்.

பேராசிரியர் அறையில் காமாட்சி ஆச்சி குடையோடு உட்கார்ந்திருந்தார். "யாரு வர்றதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார்.

ஷஹீதா கருவியைச் செருகினார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அட்மின் பதினாலு பேரு இருக்காங்க."

"பதிமூணரைம்மா," என்று திருத்தினார் பேராசிரியர்.

"சார்?"

"அதுல ஒண்ணு அரை."

ஷஹீதா மறுபடி திரையைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல அரைன்னு ஒண்ணு கிடையாது சார். இருக்கு, இல்லாட்டி இல்ல. இது பதினாலு."

ஆச்சி குடையைச் சுவரில் சாய்த்தார். "என்னம்மா சொன்னே? திருப்பிச் சொல்லு."

"பதினாலு ஆச்சி."

"அதுல காமாட்சி?"

"ஒம்பதாவதா இருக்கு. மத்தவங்க மாதிரிதான். ஒரு கொறையும் இல்ல."

"இத எழுதிக் குடுப்பியா?"

ஷஹீதா சிவநேசனைத் தனியே வாசலுக்குக் கூப்பிட்டார். "அண்ணே, நான் இன்னும் எதையும் பதியல. கீழ போயி கோப்பி குடிச்சிட்டு வர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா நான் ஒண்ணும் பாக்கல. பிரிண்ட் பண்ணிட்டேன்னா ரெக்கார்டு ஆயிடும். அப்புறம் என் கையில இல்ல."

சிவநேசன் நின்றார். அச்சடித்தால் பதினான்கு அட்மினும் முத்திரையோடு அவர் தலையில் விழும். அச்சடிக்காவிட்டால் ஆச்சி கையெழுத்துப் போடப்போவதில்லை; ஒரு பங்கு நின்றாலும் மற்ற பதின்மூன்று பேர் விட்டுக்கொடுத்தது செல்லாது. அரை மணி நேரத்தில் ஈப்போவும் சிங்கப்பூரும் காரைக்குடியும் அவரை மீண்டும் வெளியே தள்ளும். இரண்டு வழியும் பாலத்துக்குத்தான் போயின. உள்ளே எட்டிப் பார்த்தார். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் ஒன்பதாவது வரியை விரலால் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"பிரிண்ட் பண்ணும்மா," என்றார் சிவநேசன்.

"சீல் வச்சு," என்றார் ஆச்சி, திரும்பாமல்.

தாள் வந்தது. மேலே தலைமையகத்தின் சின்னம், நடுவே பதினான்கு பெயர், கீழே 'மொத்தம்: 14', அதன்மேல் ஊதா முத்திரை. ஆச்சி அதை வாங்கி, முந்தானையால் ஒரு தரம் ஒற்றி, பேராசிரியரிடம் நீட்டினார். அவர் நெடுநேரம் படித்தார். செத்துப்போனவர்களையெல்லாம் மனசுக்குள் கூப்பிட்டுக் கேட்டிருப்பார் போலும். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

"பதினாலு," என்றார்.

ஆச்சி விடுதலைப் பத்திரத்தை எடுத்து, வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தார். பேராசிரியர் தம் கையாலேயே நீக்கத் தொடங்கினார், மூத்தவர்களை முதலில் எடுக்கக்கூடாது என்று கீழிருந்து மேலாக. யாரும் யாரையும் திரும்பச் சேர்க்கவில்லை. கடைசியில் அவர் தம்மையும் நீக்கிக்கொண்டபோது, திரையிலிருந்த பெரியப்பச்சி கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனதை அறையிலிருந்த நால்வரும் பார்த்தார்கள்.

ஷஹீதா இரண்டாவது அறிக்கை அடித்தார். அட்மின்: இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்து, பதினான்கு பேரைக் கத்தியின்றி ரத்தமின்றி, முழுச் சம்மதத்தோடு இறக்கிய ஒரே அதிகாரி நாட்டிலேயே இவர்தான் என்று கைப்பட எழுதினார். இயக்குநர் இப்ராஹிம் மாற்றல் கடிதத்தை சிவநேசன் கண்ணெதிரே நான்காகக் கிழித்து, போதாதென்று எட்டாகக் கிழித்தார், அதுவும் சிவநேசனை நிற்கவைத்து. துணைவேந்தர் மாலை போட்டார். மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்து விடுதலைப் பத்திரத்தை நகல் எடுத்துப் போனார்கள். ஆச்சி முதல் அறிக்கைக்குச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். அடுத்த முறை கோயில் பட்டியல் எழுத வந்தவர், அந்த ஊதா முத்திரையைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் ஒன்று என்று எழுதிப் போனார்.

குறைத்துச் சொன்ன இடம் ஒன்று: முதல் அறிக்கை ரெக்கார்டு ஆகிவிட்டதல்லவா, சிவநேசன் இப்போது தாசேக் கெலுகோர் கிளையில் கிடங்குப் பொறுப்பாளர்; அங்கே அவருக்கு இது நான்காவது வருடம்.